வளையலுக்குப் பக்கத்தில் ஒன்று

ராசு,

நேற்று அரியலூர் போய் லோகாவைப் பார்த்துவிட்டு வந்தேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை. சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், தன் அம்மாவுக்குக் கூடமாட வேலை செய்கிறாள். பம்பாயிலிருந்து வந்த நாள் முதல் யாரிடமும் வாய் திறப்பதில்லை என்று உன் மாமியார் சொன்னார். என்னிடம் பேசினாள். எனக்கு மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு, கதவு நிலையில் சாய்ந்து நின்றுகொண்டு பேசினாள். அவள் பேசியதை நான் பூசி மெழுகாமல் எழுதுகிறேன். நீயும் அப்படியே படி.

"கொழந்தையப் பொதைச்சுட்டு வந்து குளிச்சாரு மாமா. மறுநாளு காலையில பட்டறைக்குக் கெளம்பிட்டாரு. சாயங்காலம் வந்தாரு, சாப்பிட்டாரு, படுத்துட்டாரு. அதுக்கு மறுநாளும் அப்படித்தான். நான் அவரு மொகத்தையே பாத்துக்கிட்டு இருந்தேன். ஒரு சொட்டுக் கண்ணீர் வரல. அவரு கல்லு மாமா. கல்லோட எப்படிக் குடும்பம் நடத்துறது?"

நான் மோரைக் குடித்தேன். அவளே திரும்பவும் கேட்டாள்.

"அத்தை செத்தப்ப நீங்களும் அழலையாமே. அவருதான் ஒரு தடவ சொன்னாரு. இது உங்க ரத்தத்துலயே இருக்குதா?"

கோபமாகக் கேட்கவில்லை. பிள்ளைக்கு வந்த காய்ச்சல் தொற்றுமா என்று டாக்டரிடம் கேட்பதுபோலக் கேட்டாள். "யோசிச்சுச் சொல்றேம்மா" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். பெரம்பலூர் வந்து சேரும்வரை யோசித்தேன். அந்தப் பதிலை அவளுக்கு முன்னால் உனக்குத்தான் சொல்ல வேண்டும் என்று பட்டது. ஏனென்றால் இதே கேள்வியை நீ என்னிடம் முன்பே கேட்டிருக்கிறாய். உன் அம்மாவின் காரியமெல்லாம் முடிந்து நீ திருச்சிக்குத் திரும்பிய அன்று விடியற்காலையில், நான் வண்டிக்குக் கரி போட்டுக்கொண்டிருந்தேன். நீ பின்னால் வந்து நின்று, "அப்பா, உங்களுக்கு ஒண்ணுமே இல்லையா?" என்றாய். "நேரமாச்சு, ஏறு" என்றேன். நான் ஓட்டிய அதே வண்டியில்தான் நீ அரியலூருக்கு வந்தாய். கடைசி சீட்டில் உட்கார்ந்திருந்தாய். ஸ்டேஷனில் இறங்கி என் பக்கம் திரும்பாமல் ரயிலுக்குப் போனாய். அதன்பிறகு பம்பாய் போனாய், கல்யாணம் செய்துகொண்டாய், கடிதம் போட்டாய். அந்தக் கேள்வியை மட்டும் மறுபடி கேட்கவில்லை.

நான் அப்போது ஓட்டியது கரியில் ஓடும் பஸ் என்பது உனக்கு நினைவிருக்கும். யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் போனதும் முதலாளி வண்டியின் முதுகில் ஒரு பெரிய இரும்பு உருளையைப் பொருத்திவிட்டார். அதில் அடுப்புக்கரியைக் கொட்டிப் பற்றவைத்து, கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் காற்று ஊத வேண்டும். கரி கனன்று அதிலிருந்து வாயு வர அரைமணி நேரத்துக்கு மேல் ஆகும். காலை ரயிலுக்கு ஆட்களைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டுமானால் நான் நாலு மணிக்கு எழுந்தாக வேண்டும். வண்டி நம் வீட்டை ஒட்டிய காலிமனையில் நிற்கும். யுத்தம் முடிந்த பிறகும் கொஞ்ச காலம் அப்படித்தான் ஓடியது.

உன் அம்மாவுக்கு அந்த வருஷம் மூச்சுவாங்கல் அதிகமாகியிருந்தது. சிறுவயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் இருதயத்தைக் கெடுத்துவிட்டதென்றும், இனிமேல் செய்வதற்கு அதிகம் இல்லையென்றும் அரியலூரில் ஒரு டாக்டர் சொன்னார். அது உனக்கும் தெரியும். உனக்குத் தெரியாதது, அவளால் படுத்துத் தூங்க முடியாமல் போனது. படுத்தால் நெஞ்சு அடைக்கும். அதனால் பின்னிரவில் எழுந்துவிடுவாள். நான் கயிற்றுக்கட்டிலை மனையில் கொண்டுபோய்ப் போட்டு, முதுகுக்குப் பின்னால் கரிச்சாக்கு இரண்டை அடுக்கி, அதன்மேல் போர்வையை மடித்துப் போட்டு உட்காரவைப்பேன். பனிக்குத் தலையில் துண்டைக் கட்டிக்கொள்வாள். நான் கைப்பிடியைச் சுற்றுவேன். அவள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வேறு எதைப் பார்ப்பாள், இருட்டில்?

இருபத்து மூன்று வருஷம் குடித்தனம் நடத்தியதில் நாங்கள் அதிகம் பேசிக்கொண்டது அந்தச் சில மாதங்களில்தான். பெரிய பேச்சு ஒன்றும் இல்லை. வேப்பந்தட்டையில் அவள் அண்ணன் காட்டில் பருத்தி எப்படி, உனக்கு எங்கே பெண் பார்ப்பது, கண்டக்டர் சின்னசாமி பெண்டாட்டி மாசமா இல்லையா, இப்படி. நடுவில் நட்சத்திரங்களைப் பற்றிச் சொல்வாள். அவளுக்கு அவற்றின் பெயர் தெரியாது. எனக்கும் தெரியாது. அவளே பெயர் வைத்துக்கொண்டாள். உச்சியில் சிவப்பும் மஞ்சளுமாக எரிந்த ஒன்றுக்குக் கங்கு என்று பெயர். நான் ஊதிக்கொண்டிருந்த கரியைப் பார்த்து வைத்தது. கங்குக்குக் கொஞ்சம் கீழே, கிழக்கே, ஏழெட்டுச் சின்ன நட்சத்திரங்கள் அரைவட்டமாக இருக்கும். அதில் ஒன்று மட்டும் கொஞ்சம் பளிச்சென்று இருக்கும். அது உடைந்த வளையல். பளிச்சென்று இருப்பது வளையலின் கல். அவள் காட்டிக்காட்டி எனக்கும் அது பழகிப்போயிற்று.

தை மாசக் கடைசியில் ஒருநாள் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தபோது கூப்பிட்டாள்.

"இங்க வாங்களேன். வளையலுக்குப் பக்கத்துல ஒண்ணு புதுசா இருக்கு."

"எப்பவும் இருக்கிறதுதான். இப்பத்தான் ஒன் கண்ணுல பட்டுருக்கும்."

"இல்லீங்க. நேத்து இல்ல. நான் தெனமும் பாக்குறேன்ல. வந்து பாருங்க."

கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். இருந்தது. வளையலின் கீழ்முனைக்கு வெளியே, தெறித்து விழுந்ததுபோல ஒன்று. கல்லைவிட ஒரு மாற்றுக் குறைவு, மற்றவற்றைவிடப் பிரகாசம். எனக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. வானத்தில் புதிதாக ஒன்று வருமா என்ன? ஆனால் அந்த வளையலை நானும் பல நாட்களாகப் பார்த்திருந்தேன். அந்த இடம் காலியாகத்தான் இருந்தது.

"நெசந்தான்" என்றேன்.

அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். மூச்சு வாங்க வாங்கச் சிரித்தாள். "எங்கண்ணு இன்னும் நல்லாத்தான் இருக்கு பாருங்க" என்றாள்.

மறுநாள் நான் எழுப்புவதற்கு முன்னால் அவளே எழுந்து உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு அது கொஞ்சம் மங்கியிருந்தது. அதற்கு அடுத்த நாள் இன்னும் மங்கல். வளையலின் சின்ன நட்சத்திரம் ஒவ்வொன்றோடும் ஒப்பிட்டுப் பார்ப்பாள். இன்றைக்கு இதற்குச் சமம், இன்றைக்கு இதைவிடக் குறைச்சல் என்பாள். நான் கரியை விட்டுவிட்டுப் போய், அவள் சொல்வது சரிதானா என்று பார்ப்பேன். ஒரு தடவைகூட அவள் சொன்னது தப்பவில்லை.

"இது பொறக்குதா, சாவுதா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"எனக்கு எப்படித் தெரியும்?"

"ஒங்க வண்டியில எத்தனை படிச்சவங்க வராங்க. யாரையாவது கேட்டுட்டு வாங்களேன்."

கேட்டேன். சனிக்கிழமைதோறும் அரியலூரில் இருக்கும் தன் வீட்டுக்குப் போகிற ஒரு சயின்ஸ் வாத்தியார் இருந்தார். எனக்குப் பின்சீட்டில்தான் உட்காருவார். நல்ல மனிதர். நான் சொன்னதைக் கேட்டுச் சிரிக்காமல், எந்தப் பக்கம், எத்தனை மணிக்கு, கங்கு என்றால் எது என்றெல்லாம் விசாரித்தார். கங்குதான் சுவாதி என்றார். மறுநாள் விடியலில் தானே பார்ப்பதாகவும், பட்டணத்தில் வானசாஸ்திரம் தெரிந்த சிநேகிதருக்கு எழுதிக் கேட்பதாகவும் சொன்னார். வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். "வாத்தியாரே பாக்கப் போறாரா?" என்று இரண்டு தடவை கேட்டாள்.

மாசி மகத்துக்கு நிலா ஏறஏற அது கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது. நிலா தேய்ந்த பிறகு தெரியும் என்று அவள் காத்திருந்தாள். தேய்ந்த பிறகும் தெரியவில்லை. அதன்பிறகு அதிக நாள் அவள் இல்லை.

அன்றைக்கு நான் மதிய வண்டியில் அரியலூர் போயிருந்தேன். சாயங்காலம் திரும்பியபோது பெரம்பலூர் ஸ்டாண்டில் பக்கத்து வீட்டுக்காரர்கள் நின்றிருந்தார்கள். பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. ஆட்களை இறக்கினேன். வண்டியை மனைக்கு ஓட்டிவந்து ஓரமாக நிறுத்தினேன். உருளையின் அடிக்கதவைத் திறந்து சாம்பலைத் தட்டினேன். தினமும் செய்கிற வேலை. தட்டி முடித்து, கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனேன். பெண்டாட்டி பிணமாகக் கிடக்கும்போது சாம்பல் தட்டினான் என்று தெருவில் இன்றைக்கும் பேசுகிறார்கள். உண்மைதான். எனக்கு அப்போது அது ஒன்றுதான் தெரிந்தது. சாம்பலைத் தட்டாமல் விட்டால் காலையில் கரி பிடிக்காது.

நீ இரவோடு இரவாக வந்தாய். கட்டிக்கொண்டு அழுதாய். என் தோள்பட்டை நனைந்தது தெரிந்தது. வேறு யாருடைய தோளோ நனைவதுபோல இருந்தது. கொள்ளி வைத்தாய், முழுகினோம், சோறு போட்டார்கள். மூன்றாம் நாள் வண்டி எடுத்தேன். வீட்டில் உட்கார்ந்திருக்க முடியாமல் எடுத்தேன் என்று சொல்ல ஆசைதான். அப்படியும் இல்லை ராசு. உட்கார்ந்திருக்கவும் முடிந்தது, ஓட்டவும் முடிந்தது. எல்லாம் ஒன்றாக இருந்தது. சோற்றில் உப்பு இருக்கிறதா என்று கேட்டால் தெரியாது. ஒருநாள் "அண்ணே, கைய எடுங்க" என்று சின்னசாமி கத்தினான். பார்த்தால் என் இடதுகை சூடான உருளையின்மேல் இருந்தது. தோல் பொசுங்கிய வாசனை அவனுக்கு வந்திருக்கிறது. எனக்கு வலி அதற்குப் பிறகுதான் வந்தது.

பங்குனியில் ஒரு சனிக்கிழமை சயின்ஸ் வாத்தியார் வந்து பின்சீட்டில் உட்கார்ந்தார். பரீட்சை வேலையில் நடுவில் சில வாரம் வரவில்லை. வண்டி பேரளி தாண்டியதும் முன்னால் சாய்ந்து சொன்னார்.

"டிரைவர், பட்டணத்துலேருந்து பதில் வந்துடுச்சு. ஒங்க வீட்டுல பாத்தது நெசமாவே பெரிய விஷயங்க. அது புது நட்சத்திரம் இல்ல. எப்பவும் அங்கேயே இருக்கிறதுதான். ராட்சத நட்சத்திரம்னு சொல்றாங்க, செவப்பா, நம்ம சூரியனையெல்லாம் தூக்கி உள்ள போட்டுக்கிற மாதிரி. அவ்வளவு தூரத்துல இருக்கிறதால வெறும் கண்ணுக்குத் தெரியாது. திடீர்னு ஒருநாள் அந்த எடத்துல குப்புனு எரியுது, ஒரு வாரத்துல அடங்கிப் பழையபடி ஆயிடுது. இதுக்கு முன்னாடி இப்படி எரிஞ்சது எண்பது வருஷம் முந்தி."

"அப்படிங்களா" என்றேன்.

"பொறப்பா சாவான்னு கேட்டாங்கன்னு சொன்னீங்களே. ரெண்டும் இல்லைன்னு சொல்லுங்க. உலகத்துல எத்தனை பேரு தொலைநோக்கி வச்சிக்கிட்டு ஒக்காந்திருக்காங்க. நம்ம பெரம்பலூர்ல ஒரு அம்மா வெறும் கண்ணாலயே பாத்திருக்காங்க. அவசியம் சொல்லுங்க."

"சொல்றேன் சார்" என்றேன்.

அவருக்குத் தெரியாது. யாரும் அவருக்குச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை, அந்த வார்த்தை வாயில் வரவில்லை. குன்னத்தில் ஆட்கள் ஏறினார்கள். மேடு வந்ததும் வண்டி இழுக்கவில்லை. எல்லோரும் இறங்கித் தள்ளினார்கள், வாத்தியாரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினார். அவள் கேட்டுக்கொண்டிருந்த பதில் அது. எண்பது வருஷத்துக்கு ஒருதரம் வருவதை அவள் பார்த்திருக்கிறாள். எனக்குள் ஏதாவது நடக்கிறதா என்று நான் கவனித்துப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அரியலூர் ஸ்டேஷனில் நிறுத்தினேன். டீ குடித்தேன். திரும்பினேன்.

இப்படியே ஒன்றரை வருஷம் ஓடிற்று. இந்த இடத்தை நீ நிதானமாகப் படிக்க வேண்டும். அந்த ஒன்றரை வருஷத்தில் நான் குளித்தேன், சவரம் செய்துகொண்டேன், மழைக்கு முன்னால் கூரையைச் செப்பனிட்டேன், உன் கல்யாணத்துக்குப் பெண் பார்த்தேன். பார்த்தவர்கள் எல்லோரும் மனிதர் தேறிவிட்டார் என்றார்கள். சிலர் மனிதருக்கு மனசே கிடையாது என்றார்கள். எனக்கு இரண்டுமே சரியென்று தோன்றியது.

பிறகு சுதந்திரம் வந்த வருஷம், ஆவணியில், முதலாளி எங்கிருந்தோ பெட்ரோலுக்கு ஏற்பாடு செய்து கரி உருளையைக் கழற்றிவிட்டார். "இனிமே நீ நாலு மணிக்கு எந்திரிக்க வேண்டாம்யா, ஆறு மணிக்கு வந்து சாவியத் திருப்பு போதும்" என்றார். மறுநாள் நாலு மணிக்கு விழிப்பு வந்துவிட்டது. எழுந்து மனைக்குப் போனேன். போடக் கரி இல்லை, சுற்றக் கைப்பிடி இல்லை. வண்டியின் முதுகில் உருளை இருந்த இடம் மொட்டையாக இருந்தது. கட்டிலை எடுத்துப் போட்டு உட்கார்ந்தேன். மேலே பார்த்தேன். கங்கு இல்லை, வளையல் இல்லை. அது வேறு மாசத்து வானம். அவள் பெயர் வைத்த ஒன்றுகூட அதில் இல்லை. கைகள் இரண்டும் மடியில் சும்மா கிடந்தன. அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எப்போது ஆரம்பித்ததென்று தெரியாது. விடிந்து வெளிச்சம் வந்தபிறகும் அழுதுகொண்டிருந்தேன். ஆறு மணிக்கு சின்னசாமி வந்தான்.

"என்னண்ணே, ஆளுங்க வந்து நிக்கிறாங்க."

"இன்னைக்கு முடியாதுப்பா."

"ஒடம்புக்கு என்ன?"

"அவ செத்துட்டாப்பா."

"யாருண்ணே?"

"எம் பொண்டாட்டி."

அவன் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருக்கலாம். நினைக்கவில்லை. பையைக் கழற்றி வைத்துவிட்டு, கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்தான். அன்றைக்குக் காலை ரயிலுக்கு நம் வண்டி போகவில்லை. முதலாளி சத்தம் போட்டார். அதற்கும் சின்னசாமிதான் போய் ஏதோ சொல்லிச் சமாளித்தான்.

அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய். பாதி இன்னும் அப்படியேதான் இருக்கிறது. இப்போது இதை எழுதும்போதும் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை, நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான். ஆனால் லோகாவின் கேள்விக்கு என்னிடம் இப்போது பதில் இருக்கிறது. நாம் கல் இல்லை. கல் மரத்துப்போகாது. மரத்துப்போவது உயிருள்ள கைகால்தான். உனக்கு ஒருநாள் அழுகை வரும், அல்லது கொஞ்சம் கொஞ்சமாக வரும். எப்போது என்று என்னால் சொல்ல முடியாது. அதை வரவழைக்க நீ எதுவும் செய்ய வேண்டாம். வராததற்காக உன்னை நீயே வெறுக்கவும் வேண்டாம்.

ஆனால் அதுவரை அந்தப் பெண்ணைக் காத்திருக்க வைக்காதே. எனக்கும் உனக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. நான் யாரிடம் சொல்ல வேண்டுமோ அவளே போய்விட்டாள். உனக்குரியவள் அரியலூரில் இருக்கிறாள். நீ அவளிடம் போய் அழ வேண்டாம். எனக்கு ஒன்றும் தெரியவில்லை லோகா, சோற்றில் உப்பு தெரியவில்லை, பட்டறைச் சத்தம் தெரியவில்லை, பயமாக இருக்கிறது என்று சொல். அவ்வளவு போதும். அவள் உன் கண்ணீரைக் கேட்கவில்லை. அந்த வீட்டில் தான் ஒருத்திதான் பிள்ளையைப் பறிகொடுத்தவளா என்றுதான் கேட்கிறாள்.

நான் கிளம்பும்போது வாசல்வரை வந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். "அங்க அவருக்கு யாரு மாமா சோறாக்கிப் போடுறா?" என்றாள். "தெரியலம்மா" என்றேன். உள்ளே போய்விட்டாள். அவள் மனது எந்தப் பக்கம் இருக்கிறது என்று இதை வைத்து நான் முடிவு செய்யவில்லை. நீயும் செய்யாதே. வந்து பார்.

லீவு கேட்டுக்கொண்டு வா. அரியலூரில் இறங்கி முதலில் அவளிடம் போ, பிறகு இங்கே வா. அவள் கூட வந்தால் இரண்டு பேருமாக வாருங்கள். இன்னொன்றும் கேட்க வேண்டும். என் பேத்தியை நான் பார்க்கவே இல்லை. கோடைக்குக் கூட்டிவருவதாக எழுதியிருந்தீர்கள். லோகாவிடம் கேட்க எனக்கு நா எழவில்லை. அவள் யாரைப்போல இருந்தாள், கூப்பிட்டால் எந்தப் பக்கம் திரும்புவாள், எதைக் கண்டு சிரிப்பாள், தூங்கும்போது கையை எங்கே வைத்துக்கொள்வாள், இதெல்லாம் உனக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. வந்து சொல்.

அப்பா